அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாவுக்கு

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அன்று இருந்த அம்மா, உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் பிள்ளையாக, எச்-4 விசாவில் வந்த பெண்ணுக்கு 21 வயதானால் அந்த விசா அவ்வளவுதான். வீட்டிலோ "எச்-1பி மாப்பிள்ளை பார்த்தால் சரியாகிவிடும்" என்று ஒரே பேச்சு. அவளுக்குப் படிக்க ஆசை. ஏதோ படிவம் நீட்டியவளின் பிறந்த தேதியைப் பென்சிலால் வட்டமிட்டீர்கள். யாரும் கேட்கவில்லை, நீங்களாகவே சொன்னீர்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற முதலில் கல்லூரி தரும் ஐ-20 படிவம், பிறகு 350 டாலர் செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம், அப்புறம்தான் விசா வகையை மாற்றக் கேட்கும் ஐ-539 விண்ணப்பம். தபாலில் போட்ட நாள் கணக்கில்லை, பிறந்தநாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்றீர்கள். கையெழுத்து விட்டுப்போனால் படிவம் திரும்பி வந்துவிடும் என்று அந்த இடத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள் வேறு. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கு ரசீது வந்துவிட்டது, அம்மா. ஜாதகக் கவர் இன்னும் ஃபிரிட்ஜ் மேல்தான் இருக்கிறது.