பகா எண்ணும் ஆய்வு வாழ்க்கையும்

ஆசிரியருக்கு,

கணினி அறிவியல் படிப்பைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் வளாக நேர்காணலில் கிடைத்த ஆண்டுச் சம்பளத்தோடு நின்றுவிடுவது வருத்தம் அளிக்கிறது. ஆய்வு என்னும் இன்னொரு பாதையும் அந்தப் படிப்பில் உண்டு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியில் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய இருவரும், ஓர் எண் பகா எண்தானா என்பதைத் துளியும் ஐயமின்றி, அதே வேளையில் அந்த எண்ணின் இலக்கங்கள் கூடக்கூட நேரம் கட்டுக்கடங்காமல் பெருகிவிடாதபடி கண்டறியும் வழியை நிறுவினார்கள். அதுவரை இருந்த விரைவான முறைகளில் பெரும்பாலானவை சிறு பிழை வாய்ப்பை ஏற்றுக்கொண்டவை. அல்லது நிறுவப்படாத கருதுகோளைச் சார்ந்தவை. 2006-இல் இம்மூவருக்கும் கோட்பாட்டுக் கணினி அறிவியலின் உயரிய விருதான கோடெல் பரிசு கிடைத்தது.

அகர்வால் அதற்கு முன்பு சென்னையில், இன்றைய சென்னை கணிதவியல் கழகத்தின் முன்னோடி நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சக்சேனா கான்பூரிலேயே முனைவர் பட்டம் பெற்று, ஆம்ஸ்டர்டாமிலும் ஜெர்மனியின் பான் நகரிலும் பணியாற்றிவிட்டு, அதே கல்விக்கூடத்துக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

இப்படி ஒரு வாழ்க்கைப் பாதை உண்டு என்பதையே அறியாத மாணவர்களை வகுப்பில் நாள்தோறும் சந்திக்கிறேன். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் ஆய்வாளர்களைப் பற்றியும், அவர்கள் எந்தக் கேள்வியின் பின்னால் ஆண்டுக்கணக்கில் நடந்தார்கள் என்பதைப் பற்றியும் தொடர்ந்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர்,
மதுரை.