குளுக்கோஸ் சென்சர் சொகுசுப் பொருள் அல்ல

கௌரவ சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், சுகாதார அமைச்சின் தலைமையகமான சுவசிரிபாயவில் இவ்விடயத்துக்குப் பொறுப்பான உயர் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கு, தோலில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் சென்சரை அரசாங்கக் கிளினிக்குகளில் இலவசமாகத் தரவேண்டும் என்று கேட்டு ஓர் அரச அலுவலகத்துக்கு எழுதியிருந்தேன். சென்ற வாரம் பதில் கிடைத்தது. இவை வசதிக்கான சாதனங்கள், கொள்வனவுத் திட்டத்தில் இல்லை, விரலில் குத்திச் சீனி பார்க்கும் குளுக்கோமீற்றர் போதுமானது, வேண்டுமானால் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே அதன் சாரம். அரச சேவையில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இத்தகைய கடிதங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது எனக்குத் தெரியும். பழைய கடிதம் ஒன்றை எடுத்துப் பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும். ஆகவே அதில் கையொப்பமிட்டவர் மீது எனக்குக் கோபமில்லை. குளுக்கோமீற்றர் போதுமானது என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்பதை மட்டும் அறிய விரும்புகிறேன்.

நீரிழிவைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்த நான் வரவில்லை. எனக்கும் சீனி வருத்தம் இருக்கிறது. கிளினிக்கில் தரும் மெட்போமின் குளிசையை விழுங்கிவிட்டு, பாணைக் குறைத்து, மாலையில் காலாற நடந்து காலம் தள்ளுகிறேன். எனக்குச் சென்சர் வேண்டாம். நான் கேட்பது என் பேத்தியைப் போன்றவர்களுக்காக. அவளுக்கு ஒன்பது வயது. அவளுடைய சதையி இன்சுலினைச் சுரப்பதில்லை. ஒவ்வொரு நாளும் நான்கு ஊசி. இன்சுலின் குறைந்தால் சீனி ஏறி உடம்பு நஞ்சாகும். கூடினால் சீனி இறங்கி வலிப்பு வரை போகும். இரண்டுக்கும் இடையில் அவளை நடத்திச் செல்வது வைத்தியர் அல்ல, தாதி அல்ல, புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்யும் என் மகள்.

பகலைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. இரவைப் பற்றிச் சொல்கிறேன்.

தூக்கத்தில் சீனி இறங்கினால் பிள்ளை எழுந்து சொல்லாது. வியர்க்கும், கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நல்ல ஆலோசனைதான், குளிரான நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு. கொட்டாஞ்சேனையில், காற்று நுழையாத மாடி அறையில், ஏப்ரல் மாத நடுநிசியில் வியர்க்காத கழுத்து யாருக்கு இருக்கிறது? மகள் தொட்டுப் பார்க்கிறாள். ஈரமாக இருக்கிறது. வெக்கையா, சீனி இறங்குகிறதா? மீற்றரில் இரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப் டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்குகிறாள். எத்தனை மிச்சம் என்று சத்தத்தை வைத்தே அவளால் சொல்லிவிட முடியும். ஐம்பது ஸ்ட்ரிப் உள்ள டப்பாவை நாங்கள் கடையில் வாங்குகிறோம். சம்பள நாள் வரை அது வரவேண்டும். கடைசியில் ஒன்றை எடுக்கிறாள். பலமுறை குத்திக் காய்ப்புப் பிடித்த விரல் நுனியிலிருந்து துளி எளிதில் வருவதில்லை. பாதித் துளியில் மீற்றர் பிழை காட்டினால் அந்த ஸ்ட்ரிப் வீண். இன்னொன்று. 168 என்று காட்டினால், வெறும் வெக்கைதான். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கலாம். 62 என்றால் பிள்ளையை உலுக்கி எழுப்பி, அழ அழக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் காத்திருந்து, மீண்டும் குத்த வேண்டும். அதற்கும் ஒரு ஸ்ட்ரிப். விடிந்ததும் அவள் பாடசாலைக்கு, இவள் கடைக்கு.

இதைத்தான் போதுமானது என்று அந்தக் கடிதம் சொல்கிறது.

இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் தம் பயணப்பெட்டியில் இரண்டு சென்சர்கள் கொண்டுவந்தார். ஒன்று 14 நாட்கள் வேலை செய்யும். மயிரிழை போன்ற ஒரு நுண்ணிழை தோலுக்குக் கீழே திசுநீரில் உள்ள குளுக்கோஸை விடாமல் அளந்து கைப்பேசிக்கு அனுப்புகிறது. இலக்கம் மட்டுமல்ல, ஏறுகிறதா இறங்குகிறதா என்று அம்புக்குறியும் காட்டுகிறது. எல்லைக்குக் கீழே போனால் ஒலி எழுப்புகிறது. தோஹாவில் வேலை செய்யும் மருமகன் தன் கைப்பேசியில் அதே இலக்கத்தைப் பார்த்தார். அந்த நாட்களில்தான் ஒன்று தெரியவந்தது. நடுநிசியில் குத்திப் பார்த்து, நல்ல இலக்கம் வந்து, நாங்கள் நிம்மதியாகப் படுத்த சில இரவுகளில், மூன்று மணியளவில் கோடு 60க்குக் கீழே இறங்கியிருந்தது. வைத்தியர் அந்த வரைபடத்தைப் பார்த்ததும் இரவு இன்சுலினைக் குறைத்தார். இரண்டாவது சென்சர் முடிந்தது. இப்போது மீண்டும் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறோம்.

பேத்தியின் கிளினிக்கில் வாங்கில் காத்திருக்கும் தாய்மாரின், சீனி அளவு எழுதும் கொப்பிகளை நீங்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். காலை, மதியம், இரவு என்று கோடு போட்ட கட்டங்கள். ஸ்ட்ரிப் வாங்க முடியாத வாரங்களின் கட்டங்கள் வெறுமையாக இருந்தால் ஏச்சு விழும் என்ற பயத்தில், வாங்கிலேயே வைத்து 120, 140, 135 என்று ஒரே பேனையால் நிரப்புகிறார்கள். அந்த இலக்கங்களைப் பார்த்துத்தான் வைத்தியர் இன்சுலின் அளவைத் தீர்மானிக்கிறார். அரசாங்கம் தாயையும் வைத்தியரையும் இந்த நிலையில் வைத்திருக்கிறது. சென்சர் பொய் எழுதாது.

இன்சுலினை இந்த நாட்டு அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. நன்றி, அதை ஒருபோதும் மறக்கமாட்டோம். ஆனால் இன்சுலினைத் தந்துவிட்டுச் சென்சரை மறுப்பது, பஸ்ஸைக் கொடுத்துவிட்டு முன்விளக்கைக் கழற்றி வைத்துக்கொள்வதற்குச் சமம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1993ஆம் ஆண்டு வெளியானது உங்கள் நிபுணர்களுக்கு நன்கு தெரியும். சீனியை இறுக்கிக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்பு வெகுவாகக் குறையும் என்று அது காட்டியது. அப்படி இறுக்கியவர்களுக்கு ஆபத்தான சீனி இறக்கம் ஏறக்குறைய மூன்று மடங்கானது என்பதையும் அதே ஆய்வுதான் காட்டியது. இறுக்கவும் வேண்டும், இறங்கவும் கூடாது. விரலில் குத்தி அந்தக் கம்பியில் நடக்கச் சொல்கிறீர்கள்.

பணம்தான் பிரச்சினை என்பீர்கள். இருக்கலாம். பிரித்தானியாவில் சொந்தக் காசுக்கு வாங்கினால் ஒரு சென்சர் ஏறக்குறைய 50 பவுண். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 26 வேண்டும். எந்தச் சம்பளக்காரனாலும் இங்கே தாங்க முடியாத தொகை என்பதால்தான் அரசாங்கத்தைக் கேட்கிறோம். அவுஸ்திரேலியா 2022 ஜூலை முதல் முதலாம் வகையினர் எல்லோருக்கும் மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்தின் வழிகாட்டிக் குறிப்புகளும் முதலாம் வகையினர் அனைவருக்கும் சென்சரைப் பரிந்துரைத்தன. அதே 2022இல் நாங்கள் எரிபொருள் வரிசையில் நின்றோம், வைத்தியசாலைகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு. ஒப்பிடுவது நியாயமில்லை என்பது புரிகிறது. ஆனால் அன்று முதல் திறைசேரியில் பணமில்லை என்பது எல்லாக் கோப்புகளிலும் குத்தப்படும் முத்திரையாகிவிட்டது. தரமற்ற இம்யூனோகுளோபியூலின் என்ற நோயெதிர்ப்பு ஊசிமருந்தின் கொள்வனவு விவகாரம் நீதிமன்றத்தில் இருப்பதால் அதைப் பற்றி நான் பேசக்கூடாது, பேசவுமில்லை. மருந்துக் கொள்வனவில் இந்த நாட்டின் ஒரே குறை பணப் பற்றாக்குறைதான் என்று இனியும் எங்களிடம் சொல்லாதீர்கள் என்று மட்டும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னுமொன்று. நான் தமிழில் எழுதினேன், பதில் சிங்களத்தில் மட்டும் வந்தது. 1987இல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். அந்தச் செய்தி இன்னும் அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேரவில்லை போலும். நான் சிங்களம் வாசிப்பேன், பரவாயில்லை. மட்டக்களப்பில் இருந்து எழுதும் தாய் என்ன செய்வாள்? சரி, இது வேறு அமைச்சின் விடயம் என்று அந்தக் கோப்பையும் மாற்றிவிடுவீர்கள். விட்டுவிடுகிறேன்.

கேட்க வந்ததை மரியாதையாகவே மீண்டும் கேட்கிறேன். முதலாம் வகை நீரிழிவு உள்ள, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் அரசாங்கக் கிளினிக் வழியாகச் சென்சர் இலவசமாக வழங்கப்பட வேண்டும். பெரியவர்களுக்கும், இன்சுலின் போடும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் அடுத்த கட்டத்தில் தாருங்கள். என்னைப் போன்ற கிழவர்களை வரிசையின் கடைசியில் நிறுத்தினாலும் முறையிட மாட்டேன். பெட்டியில் ஒன்றிரண்டாக வருவதற்குப் பதிலாக மருத்துவ வழங்கல் பிரிவு மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரினால் விலையைப் பேசிக் குறைக்க முடியும். நிதியுதவிக்கு விண்ணப்பி என்று மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள். ஒருமுறை செய்யும் அறுவைச் சிகிச்சைக்கு அது சரி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுவதும் வரும் செலவுக்கு எத்தனை விண்ணப்பம் எழுதுவது?

அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கான மதிப்பீடுகளை உங்கள் அமைச்சு அனுப்பும்போது இதற்கென ஒரு செலவுத் தலைப்பைச் சேர்க்குமாறும், சேர்க்கப்பட்டதா இல்லையா என்பதைப் பாராளுமன்றத்தில் அறிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அரச எழுதுவினைஞர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.