ஒரு நாள் வெயிலுக்கு மட்டுமா கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் குமரி மாவட்டத்தில் நடைபாதைகளையும் சாலையோரங்களையும் அழகுபடுத்துவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. எல்லாமே காலை வெயிலில் எடுத்த படங்கள்.

போன மாதம் அம்மாவை முழங்கால் வலிக்குக் காட்டிவிட்டுத் திரும்பும்போது மணி மூன்று. ஆட்டோ வரும்வரை உட்காரட்டும் என்று, புதிதாகப் போட்டிருந்த ஸ்டீல் பெஞ்சுக்குக் கூட்டிப்போனேன். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "இதுல தோச சுடலாம் மக்ளே." பக்கத்தில் நட்டிருந்த அலங்காரப் பனையின் நிழல், ஒரு கம்பு அகலத்தில், நடுரோட்டில் கிடந்தது. கடைசியில் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில்தான் உட்கார்ந்தார்.

வெயிலைக் கணக்குப் பண்ணிக் கட்டுவது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில், அக்டோபர் 2 அன்று நண்பகல் வெயில், அஸ்தி வைத்திருந்த இடத்தில் விழும்படி கூரையில் துவாரம் விட்டிருக்கிறார்கள். வருஷத்தில் ஒரு நாளுக்கு அவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்ட ஊரில், தினமும் ஆள் உட்காரும் பெஞ்சுக்குக் கணக்கே இல்லை.

அதுவும் பெரிய கணக்கல்ல. நாம் இருப்பது ஏறத்தாழ 8 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. பெரும்பாலும் உச்சிக்குப் பக்கத்தில்தான், அதனால் அந்நேரத்துக்குத் தலைக்கு மேல் ஒரு சின்னக் கூரை போதும். ஆளைக் கொல்வது பிற்பகலில் சாய்வாக வரும் மேற்கு வெயில். பெஞ்சுக்கு மேற்குப் பக்கம் கிளை விரிக்கும் ஒரு மரம் நின்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உப்புக்காற்று அடிக்கும் இடமென்றால் புன்னை, பூவரசு. உள்ளே வந்தால் வேம்பு, புங்கை.

வேப்பமூடு, ஆலமூடு என்று ஊருக்குப் பேர் வைத்தவர்கள் நாம். மூடு என்றால் மரத்தடி. நின்று பேச, சுமை இறக்க, பஸ்ஸுக்குக் காத்திருக்க அதுதான் இடமாக இருந்தது. இப்போதோ இருக்கிற மரத்தின் தூர் வரைக்கும் இன்டர்லாக் கல்லை நெருக்கிப் பதித்துவிடுகிறார்கள். தண்ணீர் இறங்காது, வேர் மூச்சு விடாது. அப்புறம் காற்றில் சாய்ந்தால் பழி மரத்தின் மேல். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. நம் ஊர் மரத்துக்கும் அதே வேர்தான்.

நடைபாதை உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது, சாலைகளுக்குத் தரவிதி வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி. சுமார் ஆறு அங்குலம். அன்று நாங்கள் ஏறிய இடத்தில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏற முடிந்தது. பார்வையற்றவர்களுக்காகப் பதிக்கும் மஞ்சள் ஓடு அங்கேயும் இருந்தது. நீளக் கோடு என்றால் 'நட', புள்ளி என்றால் 'நில்'. நீளக் கோடு நேராக ஒரு மின்கம்பத்தில் போய் முட்டியது. கம்பத்துக்கு முன்னால் ஒரு புள்ளிகூட இல்லை. பளபளப்பான ஓடுகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டாம். இரண்டு மழைக்காலம் காணும் மாவட்டத்தில் பாசி பிடித்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்ண விளக்கும் செல்ஃபி எடுக்க ஊர்ப் பெயர் எழுத்தும் வைக்கட்டும், பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. ஆனால் வரைபடத்தை ஒப்புக்கொள்ளும் முன், பிற்பகல் மூன்று மணிக்கு நிழல் எங்கே விழும் என்று அதில் ஒரு கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். செலவு ஒரு பென்சில்.

அம்மா இப்போதெல்லாம் வெளியே கிளம்பினால் ஒரு பழைய துண்டை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார், பெஞ்சில் விரிக்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை.