குற்றத்தைக் கணவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஹாலிவுட் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். 'தி ஸ்டெப்ஃபோர்ட் வைவ்ஸ்' படத்தை 2004-இல் நீங்கள் மறுபடி எடுத்ததும், வெளியிடும் முன் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டிய முன்னோட்டக் காட்சிகளுக்குப் பிறகு பல இடங்களைத் திரும்பப் படம்பிடித்ததும் உங்களுக்கே தெரியும். இருபது வருடம் கழித்து இதை எழுத வைத்தது என் வீட்டுக் கூடத்தில் நடந்த ஒரு விஷயம்.

போன ஞாயிறு ராத்திரி குடும்பத்தோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தோம். முடிந்ததும் என் நாத்தனார் கணவர் எழுந்து சோம்பல் முறித்தபடி, "பாத்தியாம்மா, கடைசியில எல்லாத்துக்கும் காரணம் ஒரு பொம்பளைதான்" என்றார். சாப்பிட்ட தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் நிமிரவே இல்லை. எனக்கும் பதில் வரவில்லை. படம் அப்படித்தானே முடிகிறது?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பசும்புல்லும் வெள்ளைச் சுவருமாக ஸ்டெப்ஃபோர்ட் என்று ஒரு பணக்காரப் புறநகர். அங்கே கணவர்கள் சங்கம் வைத்துக்கூடி, தங்களைவிடக் கெட்டிக்காரிகளான மனைவிகளைச் சொன்னபடி ஆடும் இயந்திரப் பொம்மைகளாக மாற்றுகிறார்கள். ஐரா லெவின் 1972-இல் எழுதிய கதை இது. அதே வருடம் மார்ச்சில்தான் ஆண் பெண் சம உரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கடன் கொடுப்பதில் ஆண் பெண் பேதம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் வர 1974 ஆனது. அதுவரை, மனைவி கடன் கேட்டால் கணவர் கையெழுத்தை வாங்கிவரச் சொன்ன வங்கிகள் அங்கே இருந்தன. கணவர்களின் மனசில் ஓடிய பயத்தை லெவின் அப்படியே பிடித்திருந்தார்.

அந்தக் கதையை முதலில் படமாக்கியவர் பிரையன் ஃபோர்ப்ஸ். அவர் இயக்கிய 1975 படத்தில் ஒரு சமையலறைக் காட்சி வரும். கதாநாயகி ஜோவன்னா கத்தியால் தன்னையே கீறிக்கொண்டு, எனக்கு ரத்தம் வருகிறது, உனக்கு வருமா என்று தோழி பாபியைக் கேட்பாள். பிறகு அதே கத்தியை அவள் வயிற்றில் இறக்குவாள். ஒரு சொட்டு ரத்தம் வராது. பாபி கத்தியை உருவி வைத்துவிட்டு, காபி கொடுக்க வந்த நேரத்தில் இப்படிச் செய்யலாமா, நாம் தோழிகள் இல்லையா என்று கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே கோப்பைகளைக் கீழே போடுவாள். படம் முழுக்க வாய் ஓயாமல் பேசிச் சிரித்தவள் அவள். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு அடிவயிறு கலங்கும். அமெரிக்கப் பெண்ணுரிமை எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடனுக்கே அந்தப் படம் பிடிக்கவில்லை என்பார்கள். அவரோடு இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஒத்துப்போகாது.

நீங்கள் எடுத்த படத்தில் பாபியாக வருபவர் பெட் மிட்லர். எரியும் அடுப்பின் மேல் கை இருப்பது தெரியாமல் அவர் சிரித்துப் பேசுகிற காட்சியும் நல்ல காட்சிதான். இன்னொரு மனைவி வாயில் வங்கி அட்டையை வாங்கி டாலர் நோட்டுகளைத் துப்புகிறாள். ஆனால் முடிவில் என்ன சொல்கிறீர்கள்? யாரும் இயந்திரம் ஆகவில்லையாம், மூளையில் மின்னணுச் சில்லு வைத்ததுதானாம், எடுத்தால் சரியாகிவிடுமாம். சதை உள்ள மனுஷியின் வாயிலிருந்து நோட்டு எப்படி வரும்? அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, ஜோவன்னாவின் கணவனைக் கடைசி நேரத்தில் நல்லவனாக்கி, சங்கத் தலைவனே ஒரு பொம்மை என்று காட்டி, எல்லாப் பழியையும் அவன் மனைவி கிளேர் தலையில் கட்டியதுதான். அத்தனை ஆண்கள் கூடிச் செய்த காரியம், கணவனின் துரோகத்தால் புத்தி பேதலித்த ஒருத்தியின் வேலையாக முடிந்துபோனது. அந்தக் கணவர்களுக்குக் கிடைத்த தண்டனை, தள்ளுவண்டியோடு பலசரக்கு வாங்கப் போவது. கடைக்குப் போவது தண்டனை என்றால், காலமெல்லாம் போய்வரும் பெண்கள் என்ன குற்றம் செய்தார்கள்?

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் குற்றத்தைக் கணவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்.

முன்னோட்டக் காட்சியில் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, நாங்கள் என்ன செய்வது என்பீர்கள். மனசை உறுத்துகிற படம் யாருக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கும்? இயக்குநர் ஃபிராங்க் ஆஸே பிற்பாடு, தன் உள்மனம் சொன்னதைக் கேட்காமல் போனது தன் தவறு என்று ஒப்புக்கொண்டார். அதைச் சொல்லவும் ஒரு மனசு வேண்டும், அவர் மேல் எனக்கு மரியாதைதான் கூடியது. நாலு பேர் முகம் சுளித்தால் முடிவை மாற்று, ஐந்தாவது ஆளும் சுளித்தால் கதையையே மாற்று என்று ஓடுகிறீர்களே, பக்கத்து வீட்டுக்காரன் என்ன நினைப்பானோ என்று புல்லை ஒரே உயரத்துக்கு வெட்டும் ஸ்டெப்ஃபோர்ட்காரர்கள் செய்வதும் இதைத்தானே? ஒரே மாதிரி முடிவு, ஒரே மாதிரி சமாதானம், கடைசியில் கணவன் மனைவி கைகோத்து நிற்க வேண்டும். இன்னும் எத்தனை படத்தில்தான் இதையே பார்ப்பது?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் மன்னிக்கவும். பழைய படங்களைத் தேடித் தேடி மறுபடி எடுக்கிறீர்கள், இந்தக் கதையும் என்றாவது உங்கள் மேசைக்குத் திரும்பி வரும். அன்று காலத்துக்கு ஏற்ப வீட்டை மாற்றுங்கள், வேலையை மாற்றுங்கள். 1975 படத்தின் கடைசிக் காட்சியை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். பெரிய கடை, மெல்லிய இசை, நீளப் பாவாடையும் தொப்பியுமாக வண்டி தள்ளும் பெண்கள், ஒருவரையொருவர் பேர் சொல்லி நலம் விசாரிக்கும் அந்த மரியாதை. நடுவே நிதானமாக நடந்து வரும் ஜோவன்னாவின் கண்கள். பார்த்து முடித்து எங்கள் கூடத்திலிருந்து எழுந்திருக்கும் ஆண், சோம்பல் முறிக்காமல் எழுந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் படங்களை விரும்பிப் பார்க்கும் ஒருத்தி