அராக்னியின் பக்கத்தில் யுரோப்பாவை மாட்டுங்கள்

மாட்ரிட் பிராடோ அருங்காட்சியக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் 'நூற்பவர்கள்' ஓவியம் குறித்து ஒரே ஒரு கோரிக்கை. 2021ல் நீங்கள் நடத்திய புராண ஓவியக் கண்காட்சியில் இருந்ததுபோல, ஃபிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் தீட்டிய 'யுரோப்பா' ஓவியமும் அதோடு நிரந்தரமாக இருக்க வேண்டும்.

காரணம் ஓவியத்துக்குள்ளேயே இருக்கிறது. முன்னால் ராட்டை சுற்றும் கிழவி. சக்கரம் சுழலும் வேகத்தில் ஆரக்கால்களே தெரியவில்லை, வெறும் ஒளிவட்டம்தான். வலப்பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்து நூல் சுற்றும் வெள்ளைச் சட்டைப் பெண். கண் இங்கேயே நின்றுவிடுகிறது. வெகுகாலம் இதை ஒரு நெசவுக்கூடக் காட்சி என்றே நம்பியதில் வியப்பில்லை. 1664ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியல் ஒன்று இதை 'அராக்னியின் கதை' என்று குறித்திருப்பது 1948ல்தான் வெளியே வந்தது.

அந்தக் கதை நடப்பது பின்னால், வெளிச்சம் விழும் சிறிய அறையில். தலைக்கவசம் அணிந்த மினெர்வா தேவி கை ஓங்குகிறாள். எதிரே நெசவுக்காரி அராக்னி. பின்சுவரில் அவள் நெய்த திரை: காளையாக வந்த கடவுள் ஜூபிடர் இளவரசி யுரோப்பாவைக் கவர்ந்து போகிறான். ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடிய காட்சிதான். ஆனால் வெலாஸ்கெஸ் அதை, ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்காக இத்தாலிய ஓவியர் டிஷியன் வரைந்த ஓவியத்திலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார். தேவியோடு போட்டியிட்டதற்காகச் சிலந்தியாக்கப்பட்டவளின் கைவேலையாக டிஷியனின் படைப்பையே காட்டுகிறார்! அவர் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இவ்வளவு பெரிய விஷயம் சில மங்கலான தீற்றல்களில் அடங்கியிருக்கிறது. தெரியாதவர் அதைக் கடந்து போய்விடுவார். டிஷியனின் மூல ஓவியம் பாஸ்டனின் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2021ல் உங்களிடம் வந்தது, திரும்பிப் போய்விட்டது. சரி, ஆனால் 1628–29ல் மாட்ரிட் வந்த ரூபன்ஸ் அதைப் பார்த்துத் தீட்டிய பிரதி உங்களுடையது. அந்த மாதங்களில் அவரோடு பழகியவர்தான் இளம் வெலாஸ்கெஸ்.

18ஆம் நூற்றாண்டில் ஒட்டிச் சேர்த்த பகுதிகளைப் புதிய சட்டகத்தால் மறைத்தவர்களும் நீங்களே. மேலே இருந்த வளைவு மறைந்ததும் பின்னறை பார்வைக்கு நெருங்கி வந்தது. அதற்கு மனமார்ந்த நன்றி. அடுத்த வேலையாக இதையும் செய்யுங்கள். ஒட்டியே மாட்ட இடமில்லை என்றால் எதிர்ச்சுவர் போதும், நின்ற இடத்திலிருந்து திரும்பிப் பார்க்க முடிந்தால் சரி.

இப்படிக்கு,
ஓவிய ஆர்வலர் ஒருவர்