நெற்றிக் கொம்பு அல்ல, உதட்டில் முளைத்த பல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடதுருவக் கடலில் வாழும் நார்வால் திமிங்கலத்துக்கு நெற்றியில் நீண்ட கொம்பு இருக்கிறது என்று தங்கள் இதழின் சிறுவர் பக்கத்தில் வந்த கட்டுரையை மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் சத்தமாகப் படித்துக் காட்டினாள். முடித்ததும், "ஏனுங்கத்தை, அந்தக் கொம்பு ஒடஞ்சா அதுக்கு வலிக்குமா?" என்று கேட்டாள். காங்கேயத்தில் இருபது வருடமாகப் பல் வைத்தியம் பார்க்கிறவள் நான். அவளுக்குப் பதில் சொல்லத் தொடங்கியபோதுதான், கட்டுரையின் அடிப்படையே தவறு என்று உறைத்தது. அது கொம்பே அல்ல, பல்.

கொம்பு என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிப் போவதற்கு முன்னால் அப்பா காளைக்குக் கொம்பு சீவி எண்ணெய் தடவுவார். சீவல் சுருள் சுருளாக உதிரும், காளை பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்கும். மேலே இருப்பது நம் நகத்தைப் போன்ற உறை. எலும்பு அதற்குள்ளே இருக்கிறது. ரத்த ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு முன்பே கத்தியை நிறுத்த அப்பாவின் கைக்குத் தெரியும்.

நார்வாலின் பல் இதற்கு நேர்மாறு. அது மேல்தாடையின் இடது கோரைப்பல். ஆண் நார்வாலுக்கு அது மேலுதட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, இடப்பக்கமாக முறுக்கிக்கொண்டே வளர்ந்து, 3 மீட்டர் வரைகூடப் போகும். உடம்பே 4, 5 மீட்டர்தான். நம் வாயில் இருப்பதிலேயே நீளமான பல்லும் கோரைப்பல்தான். வேரோடு பிடுங்கி அளந்தாலும் அது சுமார் 27 மில்லிமீட்டர்.

நீளத்தை விட அந்தப் பல்லின் அமைப்புத்தான் என்னை அசர வைத்தது. அதற்கு எனாமல் கிடையாது. மேல்படலத்தில் உள்ள நுண்துளைகள் வழியாகக் கடல்நீர், பல்லின் உட்பகுதியான டென்டினில் இருக்கும் மிக மெல்லிய குழாய்களுக்குள் போகிறது. பல்லின் நடுவே ரத்தக்குழாய்களும் நரம்பும் நிறைந்த கூழ் ஓடுகிறது. நமக்கும் இதே குழாய்கள் உண்டு, ஆனால் எனாமல் மூடி வைத்திருக்கிறது. அது தேய்ந்துவிட்டால் வருவதைத்தான் பல் கூச்சம் என்கிறோம். அப்படி வருகிறவர்கள், காற்றுக் குழலைப் பல்லருகே கொண்டு போவதற்குள்ளாகவே நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொள்வார்கள். உறைகிற கடலில் அப்படி ஒரு பல்லைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு விலங்கு வாழ்நாள் முழுக்க நீந்துகிறது என்பதை, படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை.

இதைத் துருவிப் பார்த்தவரும் ஒரு பல் மருத்துவர்தான், அமெரிக்காவின் மார்ட்டின் நுவியா. அவரும் அவர் குழுவினரும் உயிருள்ள நார்வாலின் பல்லைச் சுற்றி ஒரு குழாயைப் பொருத்தி, உப்பு நீரையும் நன்னீரையும் மாற்றி மாற்றி விட்டார்கள். நீர் மாறியபோது அதன் இதயத்துடிப்பும் மாறியது. 2014இல் இது வெளிவந்தது. பல் இதற்காகவே உண்டானதா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பெண் நார்வால்களில் 100க்கு சுமார் 15க்குத்தான் இந்தப் பல் வெளியே நீள்கிறது. பல் இல்லாமலேயே மற்றவை நன்றாகப் பிழைக்கின்றன. ஆகவே எங்கள் காட்டில் திரியும் ஆண் மயிலின் தோகை மாதிரி, துணை தேடுவதற்கும் சக ஆண்களிடம் தகுதியைக் காட்டுவதற்கும் முதலில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நீரை உணர்வது கூடவே கிடைத்த பயனாக இருக்கலாம்.

'கொம்பால் பனிக்கட்டியை உடைக்கும், மீனைக் குத்தித் தின்னும்' என்று கட்டுரை சொல்கிறது. உடைக்க முடிந்தால், 2008 நவம்பரில் கனடாவின் பாண்ட் இன்லெட் பக்கம் 600க்கும் மேற்பட்ட நார்வால்கள் கடல் உறைந்ததில் சிக்கியிருக்காது. மூச்சுவிட அவை மேலே வரும் பனித் துவாரங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. எப்படியும் சாகப்போகிறவை என்று உள்ளூர் இனுயிட் பழங்குடி வேட்டைக்காரர்களே அவற்றைச் சுட வேண்டியதாயிற்று. மீன் விஷயமும் அப்படித்தான். 3 மீட்டர் பல்லின் நுனியில் குத்திய மீன் எப்படி வாய்க்கு வந்து சேரும்? 2017இல் வெளியான ட்ரோன் படத்தில், நார்வால்கள் பல்லின் நுனியால் மீனைப் படீரென்று தட்டி, அது மரத்துப்போன நேரத்தில் உறிஞ்சிக்கொள்கின்றன. உறிஞ்சத்தான் வேண்டும், ஏனென்றால் வாய்க்குள் மெல்ல ஒரு பல்கூடக் கிடையாது. குளிர்காலத்தில் ஹாலிபட் மீனைத் தேடி 1,500 மீட்டருக்குக் கீழேயும் முங்குகின்றன. ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணி வரலையே என்று அலுத்துக்கொள்கிற எங்களுக்கு, அது ஐந்து போர் ஆழம்.

பேச்சு வழக்கில் கொம்பு என்பதை நான் குறை சொல்லவில்லை. சத்தியமங்கலம் பக்கம் தந்தம் உள்ள யானையைக் கொம்பன் என்றுதானே சொல்கிறோம், அதுவும் பல்தானே, மேல் வெட்டுப்பல். ஆனால் தங்கள் படத்தில் அது நெற்றி நடுவிலிருந்து கிளம்புகிறது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் நார்வால் பல்லை ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று சொல்லிப் பெரும் விலைக்கு விற்றார்கள். டென்மார்க் மருத்துவர் ஓலே வோர்ம் 1638லேயே அந்தக் கதையை உடைத்துவிட்டார். குழந்தைகளுக்கு நாம் இன்னும் அந்தக் குதிரையையே வரைந்து கொடுக்கலாமா?

வலிக்குமா என்று கேட்டவளிடம், "நம்ம பல் ஒடஞ்சு நரம்பு வெளிய தெரிஞ்சா எப்படி இருக்கும்? அதுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கறேன் சாமி" என்றேன். தன் கோரைப்பல்லை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தங்கள் படத்தை வெட்டி பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். பல்லை இடது மேலுதட்டில் வைத்து ஒரு படம் வரும் இதழில் போடுங்கள். அதை அதன் மேலேயே ஒட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்,
காங்கேயம்.