ஒரு போன் போட்டிருந்தால் போதும்: மூன்று துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், பொது சுகாதாரம், கால்நடை பராமரிப்பு, ஊரக வளர்ச்சி ஆகிய துறைகளின் மாவட்ட அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

தனித்தனியாக எழுதினால் ஒவ்வொருவரும் மற்ற இருவருக்கு அனுப்பிவைப்பீர்கள் என்பது அனுபவத்தில் தெரிந்துவிட்டதால் ஒரே மடலாக எழுதுகிறேன். எங்கள் பெரியம்மாவின் மாடு வெறிநோய் (ரேபிஸ்) அறிகுறிகளோடு செத்த விஷயம் உங்கள் மூன்று அலுவலகங்களிலும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கிறது. அதனால் முழுக்கதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை, கோப்பில் ஏறாததை மட்டும் சொல்கிறேன்.

மே மாதம், பள்ளிக்கூட லீவில், ஏரிக்கரையில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பையன்களை ஒரு நாய் கடித்தது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். அங்கே யாரையும் குறை சொல்ல முடியாது. காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவினார்கள், ஊசி போட்டார்கள், அடுத்தடுத்த ஊசிகளுக்குத் தேதி எழுதிச் சீட்டும் கொடுத்தார்கள். பதிவேட்டில் கடித்த நாய் என்ன ஆனது என்று ஒரு கேள்வி இருந்தது. ‘இறந்துவிட்டது’ என்று எழுதிக்கொண்டார்கள். உண்மைதான், ஊர்க்காரர்கள் அடித்துக் கொன்று ஏரிக்கரைப் புதரில் வீசிவிட்டார்கள்.

அந்த ஒரு வரியைப் படித்ததும் யாராவது போனை எடுத்திருக்க வேண்டாமா? வாயில் நுரையோடு ஒரே சாயங்காலத்தில் தெரு தெருவாக ஓடிக் கடித்த நாய், அதுவும் சோதிக்க வழியில்லாமல் செத்துப்போன நாய், பையன்களை மட்டும் கடித்துவிட்டு மாட்டுக் கொட்டகைகளைப் பார்த்து ஒதுங்கியா போயிருக்கும்? கால்நடை மருந்தகம், அதாவது எங்கள் பாஷையில் மாட்டாஸ்பத்திரி, சுகாதார நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். நடுவில் ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு டீக்கடை, அவ்வளவுதான். இரண்டு இடத்து டாக்டர்களும் அதே கடையில்தான் டீ குடிக்கிறார்கள்.

பெரியம்மாவின் செவலைப் பசுவுக்கு அன்று ராத்திரி உதட்டோரம் சின்னதாக ஒரு காயம். முள் குத்தியிருக்கும் என்று மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிவிட்டார். நாய் கடித்த மாட்டுக்கும் உடனே தொடங்கினால் வரிசையாகப் போடத் தடுப்பூசி இருக்கிறது என்பதெல்லாம் பிற்பாடுதான் எங்களுக்குத் தெரியும். அதைத் தெரிந்தவர் மாட்டாஸ்பத்திரியில் இருந்தார். கடித்தது தெரிந்தவர்கள் சுகாதார நிலையத்தில் இருந்தார்கள்.

நாற்பது நாள் கழித்து மாடு தீனி எடுக்கவில்லை. எச்சில் கயிறு கயிறாக ஒழுகியது, குரல் கட்டிப்போய் விட்டு விட்டுக் கத்தியது. மாங்காய்க் காலம். மாங்கொட்டைதான் தொண்டையில் சிக்கியிருக்கும் என்று பெரியம்மா ஒரு கையால் நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். தினமும் மாட்டுக்குக் கரும்புச் சோகை கழித்துக் கட்டிக்கொண்டு வருகிறவர் அவர். சோகை கீறிக் கீறி இரண்டு கையும் எப்போதும் கோடு கோடாகத்தான் இருக்கும். கொட்டை எதுவும் அகப்படவில்லை. கையைத் தொட்டித் தண்ணீரில் அலசி முந்தானையில் துடைத்துக்கொண்டு, மறுநாளும் அதையே செய்தார்.

மூன்றாம் நாள் கால்நடை மருத்துவர் வந்தார். கொட்டகைக்குள் இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, “யாரும் வாயில் கை விட்டீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். நல்ல மனிதர். காலியிடம் நிரப்பாததால் இரண்டு மருந்தகங்களை ஒற்றை ஆளாகப் பார்க்கிறார். உடனே போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள் என்று எச்சரித்துத்தான் போனார்.

போனோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“நாய் கடிச்சுதா?”

“இல்ல சார்.”

“மாடு கடிச்சுதா?”

“இல்ல சார்.”

“அப்ப என்னம்மா கடிச்சுது?”

“எதுவும் கடிக்கல சார். நாந்தான் அதோட வாயில கைய விட்டேன்.”

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மாட்டு டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். மாட்டு டாக்டரோ, மனிதருக்கு ஊசி போடச் சொல்லி எழுத என்னிடம் படிவமும் இல்லை அதிகாரமும் இல்லை என்றார். நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லுங்களேன் என்றேன். நம்பர் இல்லை என்றார். திரும்ப ஓடி வந்து நர்சம்மாவிடம் மாட்டாஸ்பத்திரிக்குப் பேசச் சொன்னேன். அவர்களிடமும் நம்பர் இல்லை. கடைசியில் இரண்டு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்துத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் முதல் ஊசி கிடைத்தது. கீறலுள்ள தோலில் எச்சில் பட்டால் அது மூன்றாம் வகை, கடிபட்டதற்குச் சமம், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும், அதாவது கிருமியை உடனே எதிர்க்கிற மருந்தும், போட வேண்டும் என்று அங்கிருந்த இளம் டாக்டர் பார்த்ததும் சொன்னார். வழியெல்லாம் பெரியம்மாவுக்கு ஒரே பயம், தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று. அந்த ஊசி நின்று இருபது வருஷத்துக்கு மேலாகிறது என்று அவரிடம் யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

இந்த நோய்க்கு அறிகுறி தெரிந்துவிட்டால் அப்புறம் வைத்தியம் இல்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலைந்த இரண்டு நாளும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

மாடு நான்காம் நாள் செத்தது. வெறிநோய்தான் என்று உறுதி செய்ய மூளையிலிருந்து சாம்பிள் எடுத்து ஐஸில் வைத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமாம். எடுக்க ஆள் வரவில்லை. ஊராட்சியில் புதைக்க உதவி கேட்டால், என்ன நோய் என்று எழுத்தில் கொண்டு வாருங்கள் என்றார்கள். ஆகவே ஏட்டின்படி அந்த மாடு வெறிநோயில் சாகவில்லை, எங்கள் ஊரில் வெறிநோயே இல்லை. அதற்குள் பெரியம்மாவிடம் பால் வாங்கிய வீடுகளில் எல்லாம் கலவரம். காய்ச்சிய பாலால் இந்த நோய் வராது என்று ஒரு ஆள் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடங்கியிருக்கும். யார் வந்து சொல்வது, பால் எந்தத் துறையில் வருகிறது என்று அவர்களுக்கே குழப்பமோ என்னவோ.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். அது சுகாதாரத்துக்குப் போனது, அங்கிருந்து கால்நடைக்குப் போனது, ‘இக்கோரிக்கை இத்துறை சார்ந்ததல்ல’ என்ற பதிலோடு ஊரக வளர்ச்சிக்குப் போனது. பிறகு என் செல்போனுக்கு மனு முடித்துவைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. முடித்துவைத்த வேகத்துக்கு நன்றி.

நான் கேட்டது ஒன்றுதான், இப்போதும் அதையே கேட்கிறேன். சுகாதார நிலையத்தில் நாய்க்கடி என்று ஒரு சீட்டுப் போட்டால், அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்கும் ஊராட்சிக்கும் தகவல் போக வேண்டும். மாட்டாஸ்பத்திரியில் வெறிநோய்ச் சந்தேகம் என்று பட்டால், அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும், அங்கே பெயரைச் சொன்னதும் ஊசி கிடைக்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், டெண்டர் வேண்டாம்.

மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலமும் ஒன்றுதான், ‘ஒன் ஹெல்த்’ என்று சொல்லிப் பயிலரங்கம் நடத்துகிறீர்கள், பேனர் வைக்கிறீர்கள், பையும் பேனாவும் கொடுக்கிறீர்கள். கொள்கையில் குறையில்லை. நாய்வழி வெறிநோயை 2030க்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டத்தை 2021இல் சுகாதார அமைச்சகமும் கால்நடை அமைச்சகமும் சேர்ந்துதான் வெளியிட்டன. டெல்லியில் இரண்டு அமைச்சகம் ஒரே மேடையில் உட்கார முடிகிறது, இங்கே ஒரு பஸ் ஸ்டாண்டைத் தாண்ட முடியவில்லை. கோவாவில் செய்து காட்டியிருக்கிறார்களே. வருஷா வருஷம் நாய்களில் 70 சதவீதத்தை எட்டும்படி தடுப்பூசி, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் பாடம், வெறிநாய் என்று தகவல் வந்ததும் கிளம்பிப் போய்ப் பிடித்துச் சோதிக்க ஒரு குழு. சில வருஷத்திலேயே வெறிநோயால் மனிதச் சாவு இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். அது ஆய்வுக் கட்டுரையாகவே 2022இல் வெளிவந்தது. கோவா நாயும் எங்கள் ஊர் நாயும் ஒரே சாதிதான்.

ஊரக வளர்ச்சித் துறை நமக்கு இதில் வேலையில்லை என்று இந்நேரம் நிம்மதியாகியிருக்கும். ஏரிக்கரைக்கு ஒரு தடவை வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தால் நல்லது. கோழிக் கடைகளின் கழிவு மூட்டை மூட்டையாக அங்கேதான் கொட்டப்படுகிறது, ஊரில் பாதி நாய் அங்கேதான் குடியிருக்கிறது. முன்பெல்லாம் செத்த மாட்டை அதே ஏரிக்கு அந்தப் பக்கம் போட்டால் பாறுக் கழுகுகள் வந்து ஒரு பகலில் எலும்பாக்கிவிட்டுப் போகும் என்று பெரியம்மா சொல்வார். நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் வழியாகக் கழுகுக்குள் போய் அதன் சிறுநீரகத்தைக் கெடுத்தது, நாட்டிலிருந்த பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் போய்விட்டன. மாட்டுக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தார்கள், அதற்குள் நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு மாதிரி சில இடங்களில்தான் பாறு மிஞ்சியது. கழுகு தின்ற இரை நாய்க்குப் போனது, நாய் பெருகியது, வெறிநோயும் கூடியது என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டே சொல்லியிருக்கிறார்கள். இதை மாட்டு டாக்டர் ஒருவரும், மனித டாக்டர் ஒருவரும், காட்டு இலாகாக்காரர் ஒருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசியிருந்தால் எவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்கும்! ஆனால் நம் ஊரில் கூட்டம் என்றால் முதல் வரிசையில் யார் உட்காருவது என்பதிலேயே மத்தியானச் சாப்பாடு வந்துவிடுகிறது, அப்புறம் போட்டோ, அப்புறம் நன்றியுரை.

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். கோபத்தில் எழுதினாலும் உங்களை அவமதிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆள் பற்றாக்குறை தெரியும், ஒரு டாக்டர் இரண்டு ஊரைச் சுமக்கிறார் என்பதும் தெரியும். அதனால்தான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கடிபட்ட சீட்டு எழுதும் அன்றைக்கே அடுத்த ஆபீசுக்கு ஒரு போன். அதைச் செய்தாக வேண்டும் என்று ஆட்சியர் அவர்கள் ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். தயவுசெய்து விடுங்கள்.

பெரியம்மா நான்கு ஊசியும் போட்டு முடித்துவிட்டார், நன்றாக இருக்கிறார். கொட்டகை காலியாக இருக்கிறது. கன்று ஒன்று வாங்க பால் சொசைட்டியில் கடன் கேட்டிருக்கிறார், நோயில் செத்ததற்கு அத்தாட்சி இல்லாததால் அதுவும் இழுக்கிறது. அது வேறு கதை, வேறு துறை.

சுகாதார நிலையத்தின் போன் நம்பரும் மாட்டாஸ்பத்திரியின் போன் நம்பரும் ஒரு துண்டுத் தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருக்காரன்